நெற்றிக்கண்ணுக்கு ராகுகாலம்

தொலைநோக்கிக்குப் பெயர் வைக்கும் குழு பதினான்கு மாதம் கூடியது. 'நெற்றிக்கண்' என்று முடிவான அன்று உறுப்பினர்கள் எழுந்து நின்று தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்த ஜெசிந்தாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். நெற்றிக்கண் திறந்தால் எதிரே இருப்பது எரியும். இவர்கள் அனுப்பப்போவதோ எங்கோ எரிவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற கண். ஆனால் மென்பொருள் பிரிவு ஆட்களிடம் பெயர் விஷயத்தில் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

பணகுடிக்கு மேற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருந்தது உயர்கதிர் விண்ணோக்கு மையம். வானத்தில் சுற்றும் கருவிக்குத் தரையிலிருந்து கட்டளை எழுதி அனுப்புவது அங்கே ஜெசிந்தாவின் வேலை. அவள் கணவன் தங்கதுரை வள்ளியூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் குறைவு.

"அப்படி என்னத்தட்டி பாக்கப் போவுது அது?" என்று ஒருநாள் கேட்டான்.

"பெரிய நட்சத்திரம் ஒண்ணு செத்து விழும்போது காமா கதிரா ஒரு வெட்டு வெட்டும். சூரியன் ஆயுசு பூரா விடுற சக்தி, சில நொடியில. எந்த மூலையில வரும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தா கால் நிமிசம், அரை நிமிசம். அதுக்குள்ள நம்ம மெசின் தானாத் திரும்பி அந்தப் பக்கம் பாக்கணும். ஊர் உலகத்துல உள்ள மத்த தொலைநோக்கிக்கெல்லாம் இங்க பாருங்கன்னு சேதி சொல்லணும்."

"எம்புட்டு தூரத்துல இருந்து வருது?"

"ஆயிரம் கோடி வருசத்துக்கு முன்னால கெளம்பினது."

தங்கதுரை யோசித்தான். "ஆயிரம் கோடி வருசம் நடந்து வந்தவன் அரை நிமிசம்தான் வாசல்ல நிப்பானா? அந்த நேரம் பாத்து நீங்க காப்பி குடிக்கப் போயிட்டா?"

"நாங்க போவோம். மெசின் போகாது."

இந்தப் பதிலை நினைத்து அவள் பிற்பாடு நான்கு வருடம் கூசினாள்.

கருவி மேலே போய்ச் சேர்ந்ததும் அதன் மூடியைத் திறப்பதற்கு ஒரு விழா ஏற்பாடானது. கண் திறப்பு விழா. மந்திரி வந்து பொத்தானை அமுக்குவார். மந்திரிக்குச் சௌகரியப்படாமல் விழா மூன்று முறை தள்ளிப்போனது. நான்காவது தேதி ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமை காலை ஏழரைக்கே இயக்குநர் சௌந்தரபாண்டியன் ஜெசிந்தாவைக் கூப்பிட்டனுப்பினார். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இல்லாமல் யாராவது அவரை அழைத்தால் தன்னை அல்ல என்று நினைத்துத் திரும்பாமல் போகிறவர் அவர்.

"மந்திரி புதன்கிழமை பதினோரு மணிக்கு வர்றார்மா. பதினொண்ணுன்னா பன்னெண்டரை. பன்னெண்டுல இருந்து ஒன்றரை வரைக்கும் ராகுகாலம்."

"சரி சார்."

"மூடி இருந்தாலும் காமா கதிர் உள்ள போகும், கண்ணு ஏற்கெனவே பாதி முழிச்சுட்டுத்தானே இருக்கு? அந்த நேரத்துல முதல் வெடிப்பு வந்து விழுந்துட்டா?"

"விழுந்தா நல்லதுதானே சார். அதுக்குத்தானே அனுப்பினோம்."

"முதல் கண்டுபிடிப்பே ராகுகாலத்துலன்னு நாளைக்கு சரித்திரம் எழுதும்மா. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. மத்தவங்களுக்கு இருக்குல்ல?"

அந்த மையத்தில் இருநூற்றுப் பத்துப் பேர் வேலை செய்தார்கள். ஒருவருக்கும் ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. எல்லோரும் மற்ற இருநூற்று ஒன்பது பேருக்காக அதைக் கடைப்பிடித்து வந்தார்கள்.

ஜெசிந்தா ஒரு சின்ன அட்டவணை எழுதினாள். விழா நான்காவது முறையும் தள்ளிப்போகலாம் என்பதால் புதனுக்கு மட்டும் எழுதாமல் ஏழு நாளுக்கும் எழுதினாள். அந்தந்த நாள் அந்த ஒன்றரை மணி நேரம் நெற்றிக்கண் எதையும் பதியாது, எவருக்கும் சேதி சொல்லாது. கருவியின் நாட்குறிப்பில் 'ராகுகாலத்துக்காக நிறுத்தம்' என்று இருந்தால் தணிக்கைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று இயக்குநர் சொன்னதால், அந்த நேரத்திலும் 'வழக்கம்போல் இயங்குகிறது' என்றே எழுதும்படி செய்தாள்.

"சார், மந்திரி ராகுகாலத்துலயே வந்து பொத்தானை அமுக்கினா? மெசின் தூங்கிட்டு இருக்குமே."

"மந்திரி வந்துட்டா ராகுகாலம் கிடையாது," என்றார் இயக்குநர்.

ஆகவே இன்னொரு வரி சேர்ந்தது. 'சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்: ஆம் அல்லது இல்லை. பெயர். பதவி.' ஆம் என்று போட்டால் பூட்டு விலகும். அதோடு வரவேற்புப் பிரிவுக்குப் பொன்னாடையோடு வரச்சொல்லித் தானாக ஒரு சேதியும் போகும். கோப்பின் தலைப்பில் அவள் தெளிவாக எழுதிவைத்தாள்: 'தற்காலிகம். விழா முடிந்ததும் நீக்கவும். ஜெ.'

மந்திரி ஒன்றே முக்காலுக்கு வந்தார். ராகுகாலம் முடிந்திருந்தது. கடைசி வரிக்கு வேலையே வரவில்லை. வேலை வராததால் அவளுக்கே அது மறந்தும் போனது.

அட்டவணையை நீக்க ஒரு படிவம் இருந்தது. முதல் கேள்வி: இது எதற்காகச் சேர்க்கப்பட்டது? அந்த இடத்தில் எழுதக்கூடிய பதில் எதுவும் ஜெசிந்தாவுக்குக் கிடைக்கவில்லை. இயக்குநரிடம் இரண்டு முறை கேட்டாள். "பாத்துக்கலாம்மா," என்றார் இரண்டு முறையும். அவர் பார்க்கவில்லை. அவளும் மூன்றாவது முறை கேட்கவில்லை.

நான்கு வருடத்தில் நெற்றிக்கண் எண்ணூற்றுப் பதினாறு வெடிப்புகளைக் கண்டது. நேரவாரியாக ஒருவர் வரைபடம் போட்டுப் பார்த்தபோது நடுவில் ஓர் ஓட்டை தெரிந்தது. ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம். கிழமைக்குக் கிழமை இடம் மாறும் ஓட்டை. கணக்குப்படி அந்த நேரங்களில் ஐம்பத்து நான்கு வெடிப்புகளாவது வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

இயக்குநர் அந்த வரைபடத்தை மூன்று நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் அவர் கண்ணில் பட்டது.

அப்புறம் நடந்தது நாடறியும். இறக்கும் நட்சத்திரங்கள்கூட ராகுகாலத்தில் வெடிப்பதில்லை என்று ஆய்வுக் கட்டுரை வந்தது. தற்செயலாக இப்படி நடப்பதற்கான வாய்ப்பைச் சொல்லும் எண்ணில் புள்ளிக்குப் பிறகு இருபத்துமூன்று பூஜ்யங்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவர், தங்கள் செயற்கைக்கோள் அதே நேரங்களில் நாற்பத்துமூன்று வெடிப்புகளைப் பார்த்திருப்பதாக எழுதினார். 'உங்கள் கருவிக்கான ராகுகாலத்தை உங்கள் ஊர்ச் சூரிய உதயப்படி கணக்கிட வேண்டும்' என்று இயக்குநர் பதில் போட்டார். அந்த ஜெர்மானியர் அதற்குப் பிறகு எழுதவில்லை. அதுவும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

ராகுகாலம் என்ற பெயர் விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது என்று இன்னொரு குழு கூடி அதை 'அண்ட மௌன நேரம்' ஆக்கியது. அந்த நேரத்தில் பரீட்சைகள் தொடங்குவதில்லை என்றானது. பேருந்துகள் கிளம்புவதில்லை, முன்பே கிளம்பியவை ஓடலாம். தங்கதுரையின் பள்ளியில் வெள்ளிக்கிழமை கால்பந்து பத்தரைக்கு நின்று பன்னிரண்டுக்குத் தொடர்ந்தது. பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மைதானத்து ஓரத்தில் காத்திருந்தார்கள்.

"மூணாவது கோல் விழப்போற நேரம் ஜெசி. வேப்பமரத்தடியில உக்காத்தி வச்சிருக்கேன்," என்று தங்கதுரை அலைபேசியில் அலுத்துக்கொண்டான். "உங்க நச்சத்திரத்துக்கு என்னதான்ட்டி பிரச்சினை?"

அன்று பிற்பகல் அவள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், வானத்துல ஓட்டை இல்ல. அது நான் போட்ட ஓட்டை."

"என்னம்மா சொல்றே?"

"கண் திறப்பு விழாவுக்கு ஒரு அட்டவணை போடச் சொன்னீங்களே. அது இன்னும் மேலதான் இருக்கு. தினமும் ஒன்றரை மணி நேரம் மெசின் கண்ணை மூடிக்குது. மூடிக்கிட்டு, முழிச்சிருக்கேன்னு நமக்கு எழுதி அனுப்புது."

"எந்த அட்டவணை?" என்றார் இயக்குநர். அவர் நடிக்கவில்லை என்பது ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பொய் சொல்கிறவரை மடக்கலாம். மனசார மறந்துவிட்டவரை என்ன செய்வது?

"அந்த நேரத்துல வந்ததை எல்லாம் நாமதான் சார் திருப்பி அனுப்பியிருக்கோம். ஆயிரம் கோடி வருசம் பயணம் பண்ணி வந்ததை."

"ஜெசிந்தா, ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடு."

அவள் லீவு போடவில்லை. எழுத்து மூலம் கொடுத்தாள். எழுத்து மூலம் வந்தால் குழு அமைத்தே ஆகவேண்டும். தலைவர் மாசிலாமணி ஓய்வுபெற்ற துணைவேந்தர், கூட இருவர். அட்டவணையில் ஏழு நாளுக்கும் எழுதியிருந்ததை அவர்கள் முன்னால் ஜெசிந்தா விளக்கினாள். நாற்பது நிமிடம் ஆனது. மூவரும் தலையசைத்துக் கேட்டார்கள். அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"ரொம்பத் தெளிவாச் சொன்னீங்கம்மா," என்றார் மாசிலாமணி. "ஒரே ஒரு கேள்வி. இதை மேல ஏத்தினது என்னைக்கு, எத்தனை மணிக்கு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

"பதிவுக்காகக் கேக்கறோம்."

"திங்கட்கிழமை. காலையில எட்டு பத்து."

உறுப்பினர்களில் ஒருவர் பையிலிருந்து சின்ன நாட்காட்டியை எடுத்தார். விரலை ஓட்டினார். மற்ற இருவருக்கும் காட்டினார். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. மூவரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அறிக்கை ஒரு பக்கம்தான். மென்பொருளில் பிழை நேர்ந்தது உண்மை. ராகுகாலத்தில் செய்யப்பட்ட காரியம் என்பதால் பிழை நேர்ந்தது. எனவே மூலக் கருத்து மேலும் உறுதிப்படுகிறது. அட்டவணை முக்கிய ஆதாரம் என்பதால் யாரும் அதைத் தொடக் கூடாது. கடைசியாக ஒரு பரிந்துரை: விண்வெளியில் நான்கு வருடம் பிசகாமல் ஓடிய அட்டவணை வேறெதுவும் நாட்டில் இல்லை, ஆகவே அதையே அப்படியே எல்லாத் துறை எந்திரங்களுக்கும் வழங்கலாம்.

முதலில் மின்தூக்கிகளுக்குப் போனது. பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மைதானத்தில் விசில் வாயில் இருக்க, தங்கதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் வாசலில் அவனைத் தள்ளுகட்டிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். இதய டாக்டர் நஸ்ரின் கையுறை போட்டுத் தயாராக நின்றார். உள்ளே எந்திரம் மட்டும் தயாராக இல்லை.

"பெரிய ரத்தக்குழாய்ல அடைப்பு," என்றார் டாக்டர். "ஆஞ்சியோ பண்ணித் திறக்கணும். ஒவ்வொரு நிமிஷமும் தசை செத்துட்டு இருக்கு. இந்த சனியன் பன்னெண்டு மணிக்குத்தான் கண்ணு முழிக்கும்."

"எமெர்ஜென்சிக்கு விலக்கு உண்டுல்ல டாக்டர்?"

"உண்டு. விலக்குக் குழு கூடி அனுமதி கொடுக்கணும்."

"கூப்பிடுங்க."

"அண்ட மௌன நேரத்துல குழு கூடாதும்மா."

தங்கதுரையின் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. அவன் அவள் விரலைப் பிடித்தான். "ஒண்ணும் இல்லட்டி. வாயுவா இருக்கும்," என்றான். அவன் உதடு நீலமாக இருந்தது.

ஜெசிந்தா எந்திர அறைக்குள் போனாள். திரையில் ஒரு பூட்டுப் படம். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அதைக் குனிந்து படித்தாள். 'தற்காலிகம். விழா முடிந்ததும் நீக்கவும். ஜெ.'

அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. யாரும் எதையும் படித்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் கடைசி வரியும் இருக்க வேண்டும்.

"தம்பி, கொஞ்சம் எந்திரிங்க," என்றாள் விசைப்பலகை முன்னால் இருந்த டெக்னீசியனிடம்.

"மேடம், அதைத் தொடக் கூடாது. ரூல்ஸ் இருக்கு."

"அந்த ரூல்ஸ எழுதினவ நான்தான். எந்திரிங்க."

பட்டியலைக் கீழே, இன்னும் கீழே தள்ளினாள். இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். ஆம். பெயர்: தங்கதுரை. பதவி: உடற்கல்வி ஆசிரியர். மந்திரியின் பதவியைச் சரிபார்க்கும் தைரியம் அன்றைக்கு அவளுக்கு இல்லாததால் அந்த இடத்தில் எந்தச் சோதனையும் எழுதியிருக்கவில்லை. எந்திரம் மறுபேச்சுப் பேசவில்லை. பூட்டு மறைந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன.

"தள்ளுங்க," என்றார் டாக்டர் நஸ்ரின்.

பதினொன்று நாற்பதுக்கு அடைப்பு நீங்கி ரத்தம் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு வரை காத்திருந்தால் அவன் இருந்திருக்க மாட்டான் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். அதை அழுத்தமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் கொடுக்கும்போது சொல்வதுபோல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வரி எங்க இருக்குன்னு எனக்கும் காட்டுங்க," என்றார்.

ஒரு மணிக்கு இயக்குநர் சௌந்தரபாண்டியன் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார். பின்னால் புகைப்படக்காரரும், தட்டில் பொன்னாடையும். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டதாக மையத்தின் வரவேற்புப் பிரிவுக்குச் சேதி போயிருந்தது.

"யாரும்மா வந்திருக்கா? எந்தத் துறை?"

"விளையாட்டுத் துறை சார்," என்றாள் ஜெசிந்தா.

தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டிலில் குழாய்களோடு கிடந்தவனை இயக்குநர் பார்த்தார். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார். தூக்கிய கேமராவின் முன்னால் இயக்குநருக்குத் தெரிந்தது ஒரே காரியம்தான். பொன்னாடையைப் பிரித்துப் போர்த்தினார். ஏ.சி. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த தங்கதுரை அதைக் கழுத்து வரை இழுத்து விட்டுக்கொண்டான்.

"நல்லா கதகதன்னு இருக்கு சார்," என்றான். "இன்னொண்ணு இருக்கா?"

திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்கு, யோசித்தே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்து, ஜெசிந்தா நெற்றிக்கண்ணுக்கு ஒரு கட்டளை அனுப்பினாள். அட்டவணையைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. விருந்தினர் வருகையைப் பதியக் கூடாது என்று எந்த உத்தரவும் இல்லை. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்: ஆம். இனி வரும் எல்லா ராகுகாலத்துக்கும் அதையே போட்டு, பெயருக்கான இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பதவி என்ற இடத்தில் 'வெகு தூரத்திலிருந்து' என்று எழுதினாள்.

அந்த வாரம் புதன்கிழமை பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு ஒருவர் வந்தார். முப்பத்தெட்டு நொடி வாசலில் நின்றார். நெற்றிக்கண் திரும்பிப் பார்த்தது. பார்த்ததை உலகத்துக்குச் சொன்னது. ஜெர்மனியிலிருந்து ஒரு வரி வந்தது: 'நல்வரவு.'

மூன்று வாரம் கழித்து இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு வரைபடங்கள் இருந்தன. முகத்தில் பழைய ஒளி.

"ஜெசிந்தா, இதைப் பாரு. அண்ட மௌன நேரத்துல வெடிப்பு வர ஆரம்பிச்சிடுச்சு. சரி, தியரி போச்சேன்னு நெனச்சேன். அப்புறம்தான் இன்னொண்ணு கவனிச்சேன். ஆஸ்பத்திரிகள்ல இருந்து வந்த கணக்கு. இந்த மூணு வாரத்துல மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் சிறப்பு விருந்தினர்கள். அத்தனை பேரும் ராகுகாலத்துல. மத்த நேரத்துல ஒருத்தர்கூட கிடையாது."

"அப்படியா சார்."

"மீன் வியாபாரி, தையல்காரம்மா, ஆட்டோக்காரர், எட்டு நாள் குழந்தை ஒண்ணு. பதவியைப் பாத்தா ஒண்ணும் புரியல. ஆனா பேட்டர்ன் இருக்கு. ராகுகாலம் பெரியவங்களை இழுக்குது. வானத்துலயும் சரி, பூமியிலயும் சரி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது தற்செயலா இருக்க முடியாது, இல்லையா?"

"இருக்கவே முடியாது சார்," என்றாள் ஜெசிந்தா.

இருபத்தொரு வருட வேலையில் அவருடைய ஆய்வு முடிவு ஒன்றை அவள் மனசார ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.